முடிச்சும் மூலையும்

ஜோல்னாப் பையை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிறுபத்திரிகைக்காரனின் தோளில் அது பல வருஷங்கள் தொங்கியிருக்கிறது. கேலிச்சித்திரம் போடுகிறவர்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஒரு தாடியும் ஒரு பையும் வரைந்துவிட்டால் இலக்கியவாதி தயார். பைக்குள் இருந்தவற்றைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா தம் பிரசுரங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியது நம்மிடையே ஏறக்குறையப் புராண அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. பத்திரிகைக்காக மனைவியின் நகைகள் போனதும் அந்தப் புராணத்தில் ஒரு அத்தியாயம். ஆனால் இத்தனை ஜோல்னாப் பைகளையும் யார் தைத்தார்கள் என்ற கேள்வி எழுப்பப்பட்டதாக எனக்கு நினைவில்லை. கதர்க்கடையில் வாங்கியவை கொஞ்சம் இருக்கலாம். மற்றவை பழைய திரைச்சீலையிலிருந்தோ கிழிந்த வேட்டியிலிருந்தோ ஒரு மனைவியோ சகோதரியோ மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுத் தைத்தவை. நகைக்கு விலை உண்டு என்பதால் அதை இழப்பது தியாகம் ஆகிறது. பை வெறும் கைவேலை.

இந்தக் ‘கைவேலை’ என்ற சொல்லைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று சில காலமாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. கலை என்றால் அதற்கு விமர்சனம் இருக்கிறது. தொழில் என்றால் அதற்குக் கூலியும் சங்கமும் சட்டமும், பெயரளவிலாவது, இருக்கின்றன. கைவேலைக்கு இவற்றில் எதுவும் கிடையாது. ‘சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ செய்கிறாள்’ என்பதுதான் அதைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படும் முழு அபிப்ராயம். இந்த வாக்கியத்தில் ‘சும்மா’, ‘ஏதோ’ ஆகிய இரண்டு சொற்களுமே பொய் என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு ஒயர் கூடையை எடுத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் ஒயரால் முடிச்சு முடிச்சாகப் போடப்படும் அதே கூடைதான்; காய்கறி வாங்கவும், பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகவும், ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்க் எடுத்துப்போகவும் பயன்படுவது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களில் அது இல்லாத வீடு அபூர்வம். கிருஷ்ணகிரியில் என் அம்மா பின்னினாள். இப்போது ஓசூரில் என் மனைவி பின்னுகிறாள். இதைப் பரம்பரை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் மனைவி மாமியாரிடம் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாளிடம் கற்றுக்கொண்டாள். அந்த அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தது அத்திப்பள்ளியில் இருக்கும், கன்னடம் பேசும் நாத்தனார். எல்லைப்புறத்தில் எல்லாமே இப்படித்தான் கைமாறுகிறது. முடிச்சுகளின் பெயர்கள் மட்டும் எங்கள் தெருவில் தமிழாகவே நின்றுவிட்டன: சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு. பிஸ்கட்டைத் தமிழ் என்று சொல்லலாமா என்று தனித்தமிழ் நண்பர்கள் கேட்கலாம். முடிச்சைப் பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள்.

செய்முறை இது. கடையில் ஒயர் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. நிற்கும் ஒயர்களை முழக்கணக்கில் அளந்து முதலில் வெட்டிக்கொள்ள வேண்டும். ‘ரன்னிங் ஒயர்’ என்று பெண்கள் சொல்லும் இன்னொன்று வெட்டப்படாமல் கட்டிலிருந்தே வந்துகொண்டிருக்கும். நிற்பதை ஓடுவதோடு கோத்து இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு விழும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடிப்பாகம் நீள்சதுரமாக முடிந்தபின் மூலை திருப்ப வேண்டும். கூடை நேராக நிற்குமா, கோணிக்கொள்ளுமா என்பது அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. பிறகு சுற்றுச் சுற்றாக மேலே ஏறுவது. கைப்பிடி தனி வேலை. மிஞ்சும் நுனிகளைக் கடைசியில் உட்பக்கம் முடிச்சுகளுக்கு அடியில் செருகிவிட்டால் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நடுத்தர அளவுக் கூடை ஒன்றில் முடிச்சுகளை எண்ணிப் பார்த்தேன். அடியில் நீளவாக்கில் 22, அகலவாக்கில் 10, ஆக 220. அதன்மேல் சுற்றுக்கு 64 வீதம் 20 சுற்று. மொத்தம் 1500 முடிச்சுகள். ஒவ்வொன்றையும் இழுத்து இறுக்கியாக வேண்டும். ஒரு கூடை முடியும்போது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒயர் அறுத்த கோடுகள் வரிசையாக இருக்கும். புளி கரைக்கும்போது அவை எரியும்.

*

இந்த 1500 முடிச்சுகளும் ஒரே இருப்பில் விழுவதில்லை என்பதுதான் விமர்சகனுக்கு முக்கியமான விஷயம். குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்வரை நாலு முடிச்சு. குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் எழுந்துபோக வேண்டும். பள்ளிக்கூட வேன் வரத் தாமதமானால் வாசல்படியில் ஒரு அரைச் சுற்று. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாலு நாள் கூடை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். திரும்ப எடுக்கும்போது விட்ட இடத்தில் அது அப்படியே இருக்கிறது. ஒரு முடிச்சு இறுகிவிட்டால் அந்த முடிச்சைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது. அதற்கு அடுத்த முடிச்சின் தயவு தேவையில்லை.

மற்ற கைவேலைகளை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்வெட்டர் பின்னுவதில் ஊசியிலிருந்து கண்ணி நழுவினால் வரிசையே உருவிக்கொண்டு வந்துவிடும். தறிக்கு இடம் வேண்டும், பாவு விரித்தபடி இருக்க வேண்டும். சிக்குக் கோலத்தைப் பாதியில் விட்டுப்போனால் கோடு தன் வழியை மறந்துவிடுகிறது. தவிர வாசலில் சைக்கிள் ஏறிவிடும். ஒயர் கூடையை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் பிரசவ வார்டுக்கு வெளியே உள்ள பெஞ்சியிலும் அதைப் பின்னிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இடையூறுகளுக்கு நடுவில் செய்யப்படுவதோடு நில்லாமல், இடையூறு வரும் என்பதைத் தன் அமைப்புக்குள்ளேயே ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு உருவம் இது. உருவம், உள்ளடக்கம் என்று நாம் எத்தனையோ பக்கங்களைச் செலவிட்டிருக்கிறோம். படைப்பவனுக்குக் கிடைக்கும் நேரத்தின் வடிவம் படைப்பின் வடிவத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பக்கங்களில் அதிக இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் வர்ஜீனியா வுல்ஃப். பெண் எழுத வேண்டுமென்றால் அவளுக்குத் தனக்கென்று ஒரு அறையும் வருமானமும் வேண்டும் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். 1929இல் வெளியான அதே புத்தகத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார். பெண்களுக்கு இடையூறுகள் எப்போதும் இருக்கத்தான் போகின்றன. ஆகவே அவர்களுடைய புத்தகங்கள் ஆண்களுடையவற்றைவிடச் சிறியதாக, செறிவானதாக, நீண்ட தொடர்ச்சியான நேரத்தைக் கோராததாக அமையக்கூடும் என்பது அவர் ஊகம். ஆங்கில இலக்கிய வகுப்பில் இந்தப் பகுதியை ஒரு அரை நிமிஷத்தில் கடந்துவிட்டோம். அறை பற்றிய வாக்கியம்தான் பரீட்சைக்கு வரும். ஆனால் அறை கிடைக்கும்வரை என்ன செய்வது என்ற கேள்விக்கான விடை அரை நிமிஷத்தில் கடக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த விடையைக் கூடையாகவே செய்து ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்.

இடையூறை நான் மகிமைப்படுத்துவதாகத் தோன்றினால் அதை இங்கேயே மறுத்துவிடுகிறேன். இருபது நிமிஷத் துண்டுகளில் செய்யக்கூடிய காரியங்கள்தான் ஒருத்திக்கு வாய்க்கின்றன என்றால், இரண்டு மணி நேரம் தேவைப்படும் காரியங்கள் எத்தனை அவளிடமிருந்து போயிருக்கும் என்ற கணக்கும் கூடவே வருகிறது. அந்தக் கணக்கைப் போட நம்மிடம் தஸ்தாவேஜு எதுவும் இல்லை.

*

கைவினை என்ற பெயரில் நம் நாட்டில் மதிக்கப்படுவது வேறு. சுவாமிமலையின் செப்புத் திருமேனிகளுக்கு ஸ்தபதிக் குடும்பங்கள் இருக்கின்றன. பத்தமடைப் பாய்க்கு ஒரு ஊரும் ஒரு நதியும் அதன் கோரையும் உண்டு. தோடர்களின் பூத்தையலுக்கு ஒரு மலையும் ஒரு குலமும். செட்டிநாட்டு ஆச்சிமார் கல்யாணச் சீருக்காகப் பனையோலையில் முடைந்த கொட்டான் ஏறக்குறைய மறைந்து, பின் புத்துயிர் பெற்று, இன்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. 1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் மூலம் கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்கள் செய்த காரியம் சாமான்யமானதல்ல. ஆனால் இந்தக் கௌரவத்துக்கெல்லாம் மூலமாக இருப்பது ஒன்றுதான்: பூர்வீகம். நமது கைவினையை ஜாதியிலிருந்து பிரித்தெடுப்பது கஷ்டம்.

ஒயர் கூடைக்குப் பூர்வீகம் இல்லை. ஜாதி இல்லை. குரு இல்லை, ஸ்தலபுராணம் இல்லை. அதன் மூலப்பொருள் ஆலையிலிருந்து வருகிறது. வண்ணங்களோ நேற்றைய வண்ணங்கள். ரத்தச் சிவப்பும் கிளிப்பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை உறுத்தும். கலாரசிகர்களுக்கு இது ‘கிட்ச்’. ஒருவிதத்தில் சரிதான். ஆனால் ஐயங்கார் வீட்டுப் பெண்ணும் வன்னியர் வீட்டுப் பெண்ணும் முஸ்லிம் வீட்டுப் பெண்ணும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்ட கைவேலைகள் நம் சமூகத்தில் எத்தனை இருந்தன என்று யோசித்துப் பார்த்தால், பூர்வீகம் இல்லாமையே இதன் பெரிய யோக்யதாம்சம் என்று படுகிறது.

கலை, கைவினை என்ற பேச்சை எடுத்தால் ஆனந்த குமாரசாமியைத் தவிர்க்க முடியாது. கலைஞன் என்று தனியாக ஒரு பிறவி கிடையாது, எந்தக் காரியத்தையும் செம்மையாகச் செய்கிறவன் தன் அளவில் கலைஞனே என்பது அவர் வற்புறுத்திய கருத்து. இலங்கையில் கனிமவள ஆய்வுப் பணியில் இருந்தபோது கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்களைப் பற்றித் திரட்டியவற்றை 1908இல் ‘மிடீவல் சிங்களீஸ் ஆர்ட்’ என்ற நூலாகக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் பிராட் கேம்ப்டன் என்ற கிராமத்தில், வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கையச்சு யந்திரத்தில் அச்சான புத்தகம் அது. 425 பிரதிகள். இந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது நமக்கெல்லாம் ஒரு பந்துத்துவ உணர்ச்சி ஏற்படுவது இயற்கை.

அந்த நூலுக்காக இலங்கைக் கிராமங்களில் கூடவே அலைந்து புகைப்படங்கள் எடுத்தவர் அவர் மனைவி எதெல். சிங்களப் பூத்தையலை ஆராய்ந்தவரும் அவர்தான். பின்னால் அந்த மணவாழ்க்கை முறிந்தது. மறுமணத்துக்குப் பின் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் தறி போட்டு உட்கார்ந்துவிட்டார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் அவர் எழுதிய புத்தகத்தைக் கைநெசவாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கைநெசவின் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. தமிழில் குமாரசாமியை மேற்கோள் காட்டும் நாம் கணவர் கைவினையைப் பற்றிச் சொன்னதோடு நின்றுவிடுகிறோம். கையால் செய்தவர் மனைவி. நூலுக்கும் தறிக்கும் இடையில் உள்ள இந்தப் பாகப்பிரிவினை நம் வீடுகளிலும் நடக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் மேஜை, அதில் நான். எதிர்மூலையில் பாய், அதில் கூடை.

*

ஓசூர் இந்த விஷயத்தை யோசிக்கப் பொருத்தமான ஊர். எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்து ஓடத் தொடங்கியது. 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன் இங்கே கைக்கடிகாரம் செய்ய முற்பட்டபோது, சுற்றுப்புறத்தில் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளையே வேலைக்கு எடுத்துப் பழக்கியது. பிற்பாடு மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் கிராமப் பெண்களைக் கொண்டு ‘மெடோ’ என்ற நிறுவனம் அமைந்து, கடிகாரச் சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்துக் கொடுக்கத் தொடங்கியது. கூடைக்கு வேண்டிய அதே விரல்கள், அதே பொறுமை. அங்கே அவற்றுக்குச் சம்பளம் உண்டு. அண்மை வருஷங்களில் மின்னணுச் சாதனத் தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். விடியற்காலை ஷிப்ட் பஸ்கள் எங்கள் தெருமுனையைக் கடக்கும்போது பால்காரரின் மணி கேட்பதில்லை. ஒரு பெண்ணின் விரலுக்கு மணிக்கு இவ்வளவு என்று ஊரறிந்த விலை இருக்கும் இடத்தில், அதே விரல் வீட்டுக்குள் விலையில்லாமல் ஓடுகிறது.

பைகளைப் பொறுத்தவரையும் இது எல்லைதான். 2016 மார்ச்சில் கர்நாடகம் பிளாஸ்டிக் கேரி பேக்குகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் தடை நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1ஆம் தேதி. இடைப்பட்ட இரண்டே முக்கால் வருஷங்கள் ஒரே பை ஜூஜுவாடிக்கு அந்தப் பக்கம் குற்றமாகவும் இந்தப் பக்கம் சௌகரியமாகவும் இருந்தது. தமிழ்நாட்டுத் தடையில் துணி மாதிரியே இருக்கும் நெய்யப்படாத பைகளும் அடக்கம். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் யந்திரங்களும் வந்தன. ஜவுளிக்கடையும் கல்யாண வீடும் கொடுத்த மஞ்சப்பையோடு பட்டணத்தில் இறங்குகிறவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஒரு சமூகம் அதைத் திரும்பக் கொண்டாடுவதில் வேடிக்கை இருக்கிறது. வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. திவாலானவன் கொடுப்பதும் மஞ்சள் கடுதாசிதான். பிளாஸ்டிக்குக்கு எதிரான இத்தனை ஆரவாரத்துக்கு நடுவிலும் ஒயர் கூடை தப்பித்துக்கொண்டது. அதுவும் பிளாஸ்டிக்தான், ஆனால் யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போது பின்னியதில் இன்றும் வெங்காயம் இருக்கிறது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களும் எங்கள் பக்கத்துச் சரித்திரமே. தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக அவை தொடங்கியது 1989இல், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தர்மபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004இல்தான். 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் பரீட்சார்த்தத் திட்டத்தை ஆரம்பித்தது. இன்று கவுண்ட்டரில் உட்காரும் எவனுக்கும் அவர்கள் அன்றாடப் பரிச்சயம். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதி ஒருவர், இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தே வருவார்கள். தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் ஒரு பையில் இருக்கும். அந்தப் பை அநேகமாக அவர்களில் ஒருத்தி செய்ததாக இருக்கும்.

கூடை பின்னவோ பை தைக்கவோ கடன் கேட்கிறவர்களிடம் செலவுக் கணக்கு எழுதி வாங்குவது வழக்கம். மூலப்பொருள் இவ்வளவு, போக்குவரத்து இவ்வளவு, விற்பனை இவ்வளவு. கூலி என்ற வரிக்கு வரும்போது பேனா நிற்கும். ‘அதெல்லாம் இல்லிங்க சார், வீட்ல நாங்களே செய்யறதுதானே’ என்பார்கள். அந்த வரியில் ஒரு கோடு விழும். மிச்சமெல்லாம் லாபம் என்ற கட்டத்துக்குள் போய்விடும். இந்தக் கோட்டை நான் ஒரு இலக்கியப் பிரதியைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினேன். ‘சும்மா’ என்ற சொல்லை எண்களில் எழுதினால் இந்தக் கோடுதான் வரும்.

*

சமீபத்தில் பெங்களூரிலிருந்து ஒரு கடைக்காரர் என் மனைவியின் கூடையை ஒரு உறவினர் வீட்டில் பார்த்துவிட்டு 40 கூடைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். கூடைக்கு 320 ரூபாய். தெருவில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவள் ஒப்புக்கொண்டாள். இரண்டு மாதம் எங்கள் வீட்டுக் கூடம் நீல ஒயரும் வெள்ளை ஒயருமாகக் கிடந்தது. கடைக்காரருக்கு எல்லாக் கூடையும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் இருக்க வேண்டும். கையால் செய்தது என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்பது அவருக்குத் தோன்றவில்லை. மூலை சற்றே பிசகியது என்று மூன்றைத் திருப்பிவிட்டார். கூடையோடு கட்டித் தொங்கவிட ஒரு அட்டையும் அனுப்பியிருந்தார். ஒரு கிராமத்துத் தாயின் கைவண்ணம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டாள்: ‘நான் எந்தக் கிராமத்துலங்க இருக்கேன்? பாகலூர் ரோட்டுல இருக்கேன்.’ அவள் எம்.காம். படித்தவள் என்பதையும் அட்டையில் போட்டிருக்கலாம். போட்டால் விற்காது.

இந்த இரண்டு மாதத்தில் அவள் செய்த ஒரு காரியத்தை விமர்சனச் செயல் என்றே சொல்வேன். குழந்தையின் பழைய ரஃப் நோட்டின் பின்பக்கத்தில், ஒரே ஒரு கூடைக்கு மட்டும், உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்துவைத்தாள். காலை 9.40 முதல் 9.51. பகல் 12.15 முதல் 12.40. இப்படியே போகிறது. முடிந்தபோது கூட்டிப் பார்த்தாள். ஒன்பது நாள், 41 அமர்வுகள், மொத்தம் 14 மணி நேரம். ஒயருக்கு 150 ரூபாய் போக மிச்சம் 170. மணிக்குப் பன்னிரண்டு ரூபாய். 2024–25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்டிருந்த நாட்கூலி 319. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய நாற்பது. கடையில் அந்தக் கூடை 950 ரூபாய்க்கு விற்றது என்று அந்த உறவினர் சொல்லித் தெரிந்தது.

‘இத்தனை வருஷமா இதைப் பொழுதுபோக்குன்னு சொல்லிட்டு இருந்தீங்க எல்லாரும்’ என்றாள். ‘பொழுது போனது நிஜம். எவ்வளவு போச்சுன்னு இப்பதான் தெரியுது.’

அந்தப் பக்கத்தை நான் பலமுறை வாசித்தேன். நாற்பத்தொரு துண்டுகள். மிகச் சிறியது ஆறு நிமிஷம், பெரியது ஐம்பத்தைந்து நிமிஷம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையை நான் வெளியே கூட்டிக்கொண்டு போயிருந்த நேரம். ஒரு குடும்பத்தின் ஒன்பது நாட்கள் எப்படி அமைந்தன என்பதை அந்த எண்களை வைத்து எழுதிவிடலாம். நாவலாசிரியர்கள் தவறவிடும் தகவல் அதில் இருக்கிறது.

இரண்டாவது ஆர்டர் வந்தபோது அவள் 700 ரூபாய் கேட்டாள். கடைக்காரரிடமிருந்து பதில் இல்லை. கூடச் சேர்ந்திருந்த நால்வரில் ஒருத்தி ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டாள். ஒருத்தி அதே 320க்குத் தனியாகச் செய்துகொடுக்கத் தொடங்கினாள். கணவருக்கு வேலை போயிருந்த நேரம். அவளைக் குறை சொல்ல யாருக்கும் அருகதை இல்லை, என் மனைவியும் சொல்லவில்லை. ஆனால் தனக்கென்று ஒரு விதியை அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். யாராவது கூடை வேண்டும் என்றால் மணிக்கணக்குப் போட்டு முழு விலை சொல்கிறாள். மனசுக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு பைசா வாங்காமல் கொடுத்துவிடுகிறாள். ‘ஒயர் காசை மட்டுமாவது வாங்கிக்கோயேன்’ என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். ‘இல்ல அத்தை, ஒண்ணு வெலை, இல்லாட்டி இனாம். நடுவுல எதுவும் வேண்டாம்’ என்று பதில் வந்தது.

இந்த நடு என்பதைத்தான் நாம் கைவேலை என்று அழைத்து வந்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். ஒயர் காசை மட்டும் கொடுத்துவிட்டு உழைப்பை அன்பாகப் பெற்றுக்கொள்ளும் இடம் அது. வாங்குகிறவனுக்குத் தான் விலை கொடுத்துவிட்ட நிம்மதி. கொடுக்கிறவளுக்கோ இனாமாகக் கொடுத்த சந்தோஷம்கூட மிஞ்சுவதில்லை. சிறுபத்திரிகையில் எழுதுகிற நாம் இனாம் என்ற கோடியில் நிற்கிறோம். நமக்குச் சன்மானம் இல்லை, நாம் கேட்பதும் இல்லை. வங்கி முடிந்து, சாப்பாடு முடிந்து, மிஞ்சும் துண்டு நேரங்களில்தான் நம்மில் பலரும் எழுதுகிறோம். ஆனால் நாம் சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ செய்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் சண்டைக்குப் போவோம். ஒரே கூடத்தின் இரண்டு மூலைகளில் ஒரே மாதிரியான துண்டு நேரங்களில் நடக்கும் இரண்டு காரியங்களில் ஒன்று இலக்கியமாகவும் மற்றது பொழுதுபோக்காகவும் இருப்பதற்கு, மேஜையையும் பாயையும் தவிர வேறு காரணம் இருந்தால் யாராவது எழுதலாம்.

கூடையைக் கலை என்று அறிவித்துவிடுவது இதற்குப் பரிகாரமாகாது. அட்டை தொங்கவிட்ட கடைக்காரர் அதைத்தான் செய்தார். மிகவும் மலிவாகச் செய்தார். கூடைக்கு நாம் தர வேண்டியது இரண்டு. ஒன்று அதன் மணிக்கணக்கு. அதை என் மனைவி போட்டுவிட்டாள். இன்னொன்று விமர்சனம், அதாவது நல்ல கூடைக்கும் சுமாரான கூடைக்கும் வித்தியாசம் பார்ப்பது. பார்க்கத் தொடங்கினால் பார்க்க நிறைய இருக்கிறது. என் மனைவியின் கூடைகளில் மூலை நன்றாக விழுகிறது, நாலு மூலையும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. ஆனால் வண்ணத்தில் அவளுக்குத் துணிச்சல் போதாது, நீலத்தையும் வெள்ளையையும் விட்டு வெளியே வரமாட்டாள். அம்மாவின் வண்ணங்கள் அபாரம். கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்து அதை நிற்க வைத்துவிடுவாள். மூலைதான் பலவீனம், இடது பின்மூலை எப்போதும் ஒரு முடிச்சு அளவு தாழ்ந்துவிடும், கூடை அந்தப் பக்கமாகச் சாயும். இதைப் படித்துக்காட்டினால் அம்மா கோபித்துக்கொள்ளக்கூடும். கோபித்துக்கொள்ளட்டும். முப்பது வருஷமாக அவள் கூடையைப் பார்த்து யாரும் குறை சொன்னதில்லை; நிறை சொன்னதும் இல்லை.